ஸ்டோர்காரர் காய்ச்சிய சோப்பு

குண்டான் கறுத்துவிட்டது. கறுத்தது மட்டுமென்றால் பரவாயில்லை, புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கிக்கொண்டும் இருந்தது.

"ஏய், அடங்கு!" என்று ஸ்டோர்காரர் அதட்டினார்.

தொழிற்சாலையில் அவர் அதட்டினால் லாரி டிரைவரே அடங்குவான். அலுமினியக் குண்டான் அடங்கவில்லை. நெடி மூக்கில் ஏறியது. ஜன்னலைத் திறந்து வைத்தார். கையுறை போட்ட கையால் குண்டானைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். போகிற வழியெல்லாம் சொட்டியது. கீழே வைத்துப் பார்த்தால் அடியில் ஓட்டை!

யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஏன் என்று சொல்ல வேண்டாமா?

தொழிற்சாலை ஸ்டோரில் சாமான் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். "பழசைக் கொண்டா, புதுசு தர்றேன்." முதலாளியே வந்து பல்பு கேட்டாலும் ஃபியூஸ் போனதை மேஜையில் வைத்தாக வேண்டும். வீட்டிலும் அதே சட்டம். மனைவி ஆசையாக ஒரு பாத்திரம் கேட்டால், "பழசு ஓட்டையா? விரிசலா? அப்புறம் எதுக்குப் புதுசு?" என்பார். சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்கலாமே என்றால், "பழைய பெயிண்ட் உரியட்டும், பார்க்கலாம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு பாத்திரம் வீணாகவில்லை என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

அப்பேர்ப்பட்டவர் சோப்பு காய்ச்சப் போனது வாய்க்கொழுப்பால்தான். போன ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டில், அவள் கையால் செய்த சோப்பை ஆளாளுக்கு முகர்ந்து பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். இவருக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன பெரிய வித்தையா? அடுத்த ஞாயிறு நான் செஞ்சு காட்டறேன்!"

"அண்ணே, கடையில வாங்கி, மேல இருக்கிற காகிதத்தை உரிச்சிட்டுக் காட்டக் கூடாது" என்றார் சகலை. கூடமே சிரித்தது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அவரு நினைச்சா செஞ்சிடுவாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

இன்று காலை அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று பாடம் எடுத்தாள்.

"எவர்சில்வர் பாத்திரம் எடுத்து வெச்சிருக்கேன். அதுலயே பண்ணுங்க. அலுமினியம் கூடவே கூடாது. கண்ணாடி ஜாடியும் வேணாம், சூடு தாங்காது. தண்ணியிலதான் காஸ்டிக் சோடாத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், தூள் மேல தண்ணிய ஊத்தாதீங்க. பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது வெளியே தூக்காதீங்க."

"காஸ்டிக் மூட்டை என் ஸ்டோர்ல அடுக்கி இருக்கு. எனக்கே சொல்லித் தர்றியா?"

"சரி, நான் சொல்லல. இந்தக் கையுறையையும் கண்ணுக்குப் போடுற கண்ணாடியையும் மட்டும் கழட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினார். சொன்ன சொல் தவற மாட்டார். ஆனால் மனைவி ஒன்றை வேண்டாம் என்றால் அதை ஒரு கை பார்க்காமல் விடவும் மாட்டார். தூளைத் தண்ணீரில் போட்டதென்னவோ சரிதான், அது தொழிற்சாலைப் பழக்கம். பாத்திரம் மட்டும் அவர் இஷ்டம். அப்படித்தான் அலுமினியக் குண்டான் அடுப்படிக்கு வந்தது, ஓட்டையும் ஆனது.

சரி, அடுத்தது கண்ணாடி ஜாடி. நல்ல கனமான ஜாடி. "இதுக்கா சூடு தாங்காது?" என்று தட்டிப் பார்த்துக்கொண்டார். மூட்டை மூட்டையாகச் சரக்கு வைத்திருப்பவருக்குத் தூளுக்கா பஞ்சம்? ஜாடியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, தண்ணீர் விட்டு, தூளைப் போட்டுக் கிளறினார். தண்ணீரில் சூடு விறுவிறுவென்று ஏறியது. டப்பென்று ஒரு சத்தம். ஜாடி இரண்டாகப் பிளந்து நின்றது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எல்லாம் நல்லாப் போகுதா?"

"பிரமாதமாப் போகுது."

"குண்டான் பத்திரமா இருக்கா?"

"குண்டானுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு."

"பிளெண்டரை எடுத்தாச்சா?"

"அதுக்குத்தான் போறேன், வை!"

வேறு வழியில்லை. எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தார். தண்ணீர், தூள். ஒரு சத்தமில்லை, ஒரு பொங்கலில்லை. சாது மாதிரி இருந்தது. ஆறவிட்டு எண்ணெயில் கலந்தார். பழைய பிளெண்டரை உள்ளே விட்டு ஓட்டினார். விட்டு விட்டு அல்ல, ஒரேயடியாக.

"இவ்வளவுதானே? இதுக்குப் போயி..." என்று, கெட்டியாகிவிட்டதா பார்க்க பிளெண்டரைத் தூக்கினார். ஓட ஓடத் தூக்கினார்.

அடுத்த நொடி ஃபிரிட்ஜிலிருந்து சுவர்க் கடிகாரம் வரைக்கும் ஒரே அபிஷேகம். கண்ணாடி மேலும் வந்து விழுந்தது. அதைப் போடாமல் இருந்திருந்தால்? "மகராசி!" என்று வாய்விட்டே சொன்னார். அவசரமாகப் பிளெண்டரைத் திரும்ப உள்ளே அமுக்கினார். அது ஒரு முறை முனகி, புகைவிட்டு, செத்தது.

ஈரத் துணியால் சுவரைத் துடைத்தார். சோப்போடு பெயிண்டும் கையோடு வந்தது. அழுத்தித் துடைத்தார். இன்னும் வந்தது. ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டியது. துடைப்பதை நிறுத்தினார்.

ஆனால் மனிதர் விடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கரண்டியை எடுத்துக் கையாலேயே கலக்கினார். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நிறுத்தினால் சகலையின் சிரிப்பு காதில் கேட்டது. கலக்கினார், கலக்கினார், பாயசம் மாதிரி இருந்தது களி மாதிரி ஆகிறவரை கலக்கினார். அச்சில் ஊற்றி, மேலே தட்டிச் சமன் செய்து, தள்ளி நின்று பார்த்தார். மழமழவென்று, சந்தன நிறத்தில், சோப்பு! உபயோகிக்க இன்னும் சில வாரம் ஆறப்போட வேண்டும், அதனாலென்ன? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு நெஞ்சு நிமிரவில்லை.

குண்டானையும் ஜாடியையும் பிளெண்டரையும் நன்றாகக் கழுவிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றினார். சுவருக்கு முன்னால் ஃபிரிட்ஜை நகர்த்தினார். கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்! வீட்டில் ஒரு பாத்திரம் வீணாகாத பெருமை அப்படியே இருந்தது, கூடவே சோப்புப் பெருமையும் சேர்ந்துகொண்டது.

அழைப்புமணி அடித்தது. வாசலில் தெருமுனை வீட்டுச்சாமான் கடைக்காரர் பெரிய அட்டைப்பெட்டியோடு நின்றார்.

"நாங்க எதுவும் கேக்கலையே? இந்த வீட்ல பழசைக் குடுத்தாத்தான் புதுசு. தெரியுமில்ல?" என்றார் ஸ்டோர்காரர், மிடுக்காக.

"நல்லாத் தெரியும் சார்." கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஒரு குண்டான். ஒரு ஜாடி. ஒரு பிளெண்டர். கடைசியாக ஒரு டப்பா பெயிண்ட்.

ஸ்டோர்காரர் தன்னையறியாமல் பரணைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா போன வாரமே சொல்லிட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போங்க, பழசு மூணும் ரெடியா இருக்கும், வாங்கிக்கிட்டுப் புதுசைக் குடுத்துடுங்கன்னு. பெயிண்ட் மட்டும், எந்தச் சுவர்னு நீங்களே காட்டுவீங்களாம்."