ஹராமி சார்

நான் பயப்படாத விஷயம் என்று உலகத்தில் ஏதாவது இருந்தால், அதை இன்னும் யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை. லிஃப்டில் ஏறினால் கம்பி அறுந்துவிடும் என்று பயம். படியில் போனால், ‘இவன் ஏன் லிஃப்டில் வரவில்லை, திருட வந்தவனோ’ என்று வாட்ச்மேன் நினைத்துவிடுவார் என்று பயம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூடக் கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான். (வீட்டில் கஷ்டம் என்றுதான் வெளியே சொல்வது. கஷ்டமும் இருந்தது. ஆனால் அல்ஜீப்ரா அதைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது.)

இப்படிப்பட்டவனுக்கு ஷார்ஜாவில் கிடைத்தது லாண்டரி வேலை. முவைலாவில், கீழக்கரைக்காரரான காதர் பாயின் கடை. பயந்தவனுக்கு ஏற்ற தொழில். துணி எதிர்த்துப் பேசாது. ஒரே ஒரு கெடுதல், கொஞ்ச நாளில் ஆட்களின் முகம் மறந்துபோய் துணி மட்டும் ஞாபகத்தில் நிற்கும். ரோட்டில் யாராவது சிரித்தால் யாரென்று தெரியாது. ஆனால் அவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறம், அதைத் தைத்தது நான்தான் என்பது பளிச்சென்று தெரியும்.

என்னோடு இஸ்திரி போட்டவர் பெஷாவர்க்காரரான குல் கான். தங்கமான மனுஷன், வாய் மட்டும் சாக்கடை. இஸ்திரி சுட்டால் “ஹராமி!” என்பார். கரண்ட் போனால் “ஹராமி!” நான் டீ கொண்டுவரத் தாமதமானாலும் அதேதான். ஒருநாள் அர்த்தம் கேட்டேன். கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார். அப்பன் பேர் தெரியாதவன் என்பதைத் துளி மரியாதையும் இல்லாமல் சொன்னால் என்ன வருமோ, அது. அன்றிலிருந்து அந்த வார்த்தை காதில் விழுந்தாலே எனக்குக் கழுத்து வேர்க்கும். இந்த நாட்டில் யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டினால் கேஸு, ஜெயிலு, அப்புறம் நேரே ஏர்போர்ட்டு என்று ரூமில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதிலும் அப்போது எனக்கு ஏர்போர்ட்டுக்குப் போவதற்கு வேறு நல்ல காரணம் இருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். பொண்ணு சுகன்யா, பி.காம்., பரமக்குடியில் பஸ் கண்டக்டர் மகள். ஒன்பதாம் வகுப்புக்கு பி.காம். கிடைத்ததற்கு ஒரே காரணம், நான் ‘ஷார்ஜா மாப்பிள்ளை’. ஷார்ஜா போய்விட்டால் மாப்பிள்ளையும் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். கண்டக்டருக்கும் தெரியும்.

பழைய ஊர்ப்பகுதியில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கம்பெனி இரவு நடை நடத்திக்கொண்டிருந்தது. பவளக்கல் சுவர்களுக்கு நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். இரவு இஷா தொழுகை முடிந்ததும் விருந்தாளிகள் அந்தக் காலத்து அங்கியைப் போட்டுக்கொண்டு, கையில் அரிக்கேன் விளக்கோடு கைடு பின்னால் நடப்பார்கள். மூலைக்கு மூலை நடிகர்கள்: முத்து வியாபாரி, தண்ணீர் சுமப்பவர், இரவுக் காவல்காரர், அவரிடம் மாட்டும் திருடன். அத்தனை பேர் உடுப்பும் எங்கள் கடையில்தான் வெளுத்து இஸ்திரி ஆகும். எல்லாமே பழுப்பு அங்கிதான். திருடனுடையதில் மட்டும் தோளில் ஒரு கிழிசல் இருந்தது. அதை நான் இழையோட்டித் தைத்ததில் பல்லி உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. (பாய் அதைப் பார்த்துவிட்டு அடிக்கவே வந்தார்.)

அன்றைக்கு உடுப்புகளைக் கொண்டுபோய் நடிகர்களுக்கு ஒரு கம்பி, விருந்தாளிகளுக்கு ஒரு கம்பி என்று மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காவல்காரராக நடிக்கும் எகிப்துக்காரருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நடையை நடத்தும் சிரியா நாட்டு மேடம், நான் பேன்ட் நீளம் அளப்பது போல என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“யூ. டால். குட்.” உயரம் பொருந்திவிட்டதாம்.

“மேடம், நான் லாண்டரி.”

“மாஃபி லாண்டரி. நோ லாண்டரி. நவ் வாட்ச்மேன். யல்லா!”

கையில் இருந்த கடைசி அங்கியை ஏதோ ஒரு கம்பியில் மாட்டினேன். அதற்குள் என் தலையில் முண்டாசு, இடுப்பில் பெல்ட், கையில் தடியும் விளக்கும், முகத்தில் பசை போட்டு ஒட்டிய தாடி.

ஒரே ஒரு வசனம்தான் என்றார் மேடம். “பேட் மேன் கம். யூ ஷவுட். ஹராமி! ஹராமி!”

“மேடம்... பேட் வேர்ட்!”

“யெஸ், யெஸ். வெரி பேட் மேன். ஷவுட் லவுட்லி!”

இந்தி தெரிந்த குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு நிற்கிறார்கள். அது போதாதென்று, அன்றைக்கு முக்கிய விருந்தாளியாக இந்த ஊர் அரபிப் பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார், அவர் பிறந்ததே இந்தச் சந்தில்தான், எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று மேடமே எல்லோரையும் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். அப்படிப்பட்டவர் முன்னால் நான் குல் கான் வார்த்தையைக் கத்த வேண்டும். சுவரோரமாக ஒதுங்கிப் பாய்க்குப் போன் போட்டேன்.

“பாய், என்னைக் கெட்ட வார்த்தை சொல்லச் சொல்றாங்க பாய்.”

“எந்த வார்த்தைடா?”

“அதை எப்படி பாய் என் வாயால சொல்லுவேன்?”

“சரி, வாட்ஸப்புல எழுதி அனுப்பு.”

“எழுதினா கேஸு பாய்!”

“ஏன்டா உசுர வாங்குறே? பார்ட்டி திட்டச் சொன்னா திட்டிட்டு வா. உடுப்புல மட்டும் கறை படக் கூடாது, சொல்லிட்டேன்.”

போன் கட்டாகிவிட்டது. இருட்டுச் சந்தில் தனியாக நின்று யோசித்தேன். பயத்தில் ஒரு வழி தோன்றியது. வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூடவே கொஞ்சம் மரியாதையும் போட்டுவிட்டால்? திட்டு ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் மிச்சம் பூஜ்யம் வரும். (அல்ஜீப்ராவை ஒழுங்காகப் படித்திருந்தால் அப்படி வராது என்று தெரிந்திருக்கும்.)

காலடிச் சத்தம் கேட்டது. சந்து முனையில் ஒரு ஆள் தனியாக வந்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். பழுப்பு அங்கி. தோளில் பல்லி. என் கைத் தையல் எனக்குத் தெரியாதா? முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? குறுக்கே பாய்ந்து தடியை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்:

“ஹராமி சார்! ஹராமி சார்! சாரி சார்! ஹராமி சார்!”

கண்ணைத் திறந்தேன். அவர் பின்னால் விளக்குகளோடு மொத்தக் கூட்டமும் நின்றது. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பக்கத்துச் சந்திலிருந்து முதுகில் மூட்டையோடு இன்னொரு ஆள் ஓடி வந்தான். திருடனாக நடிக்கும் திருச்சூர்க்காரன் ஷாஜி. ஏற்கெனவே ஒரு திருடன் பிடிபட்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்று, “அய்யோ, ஞானல்லே கள்ளன்!” என்றான்.

அப்போதுதான் எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைத் தாடி, நிஜத் தாடி. அங்கிக்குள் வெள்ளை வெளேரென்று அரபிகள் போடும் கந்தூரா. ஊது அத்தர் வாசனை. அந்தப் பெரியவர். பிறந்த சந்து என்பதால் கைடையும் முந்திக்கொண்டு நடந்திருக்கிறார். நான் அவசரத்தில் மாட்டிய கடைசி அங்கி எந்தக் கம்பிக்குப் போயிருந்தது என்பது உடனே விளங்கிவிட்டது.

அடுத்து மனசுக்குள் படம் ஓடியது: போலீஸ் ஸ்டேஷன், ஏர்போர்ட், பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் விசிலோடு நிற்கும் கண்டக்டர். விளக்கையும் தடியையும் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை தாடியில் பட்டது. தாடி கையோடு வந்துவிட்டது.

பெரியவர் என் கையிலிருந்த தாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஹராமி...” என்று நிறுத்தினார். “சார்?”

“யெஸ் சார்.”

வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு நன்றாக இந்தி வந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “சின்ன வயசுல இந்தச் சந்துல பேரீச்சம்பழம் திருடியிருக்கேன். ஹராமி, ஹராமின்னு துரத்துவாங்க. ஒரு பயலும் சார் போட்டதில்லை!” சொல்லிவிட்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். “பிடி பாய், பிடி!”

நானும் பிடித்தேன். மணிக்கட்டை இல்லை; கசங்காமல், அங்கிக் கையின் ஓரத்தை இரண்டு விரலால். மிச்சச் சந்து முழுக்க அவர் அப்படியே கைதியாக என்னோடு நடந்தார். ஷாஜி வேலையில்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

எல்லாம் முடிந்து கரக் டீ குடிக்கும்போதும் சந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். “போலீஸ் எப்ப வரும் ஷாஜி?” என்றேன்.

“எந்துக்குப் போலீஸ்?”

“அந்த வார்த்தையைச் சொன்னேன்ல.”

ஷாஜி என்னை முழுசாகப் பார்த்தான். “எடா பொட்டா! இந்திலதான் அது சீத்த வார்த்தை. அரபில ஹராமின்னா கள்ளன். வெறும் கள்ளன். இத்தனை வருஷம் இவிடெ இருந்துட்டு இது அறியாதா?”

அந்த டீ மாதிரி ஒரு டீயை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. ஒரு வார்த்தை, இரண்டு பாஷை. நடுவில் நான் ஒருத்தன் ஜெயில்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

பாயிடம் சொன்னபோது அவர் பல்லைக் கடித்தார். “வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைச்சிருந்தா அப்பவே அர்த்தம் சொல்லிருப்பேனேடா!” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: “அங்கி கிழிஞ்சுச்சா?”

இல்லை. அதற்கடுத்த நடைகளில் ‘சார்’ நிரந்தரமாகிவிட்டது, மேடம் உத்தரவு. காய்ச்சல் விட்டு வந்த எகிப்துக்காரர், அந்தக் காலத்தில் எந்தக் காவல்காரன் சார் போட்டான் என்று சண்டை பிடித்தாராம். எடுபடவில்லை.

சுகன்யாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து, பிறகு தெரிந்துவிடுமோ என்று பயப்பட என்னிடம் தெம்பு இல்லை. கேட்டு முடித்ததும் அவள் சிரித்தாள். அன்றுதான் அவள் சிரிப்பை முதல்முறையாகக் கேட்டேன். மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

“அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

“ஐயையோ! என்ன சொன்னாரு?”

“திருடனுக்கே சார் போடுற மாப்பிள்ளை நம்ம பொண்ணை ஒருநாளும் மரியாதைக் குறைவா நடத்த மாட்டாருன்னு சொல்லி, பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டு வந்துட்டாரு.”

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. இப்போது சுகன்யாவும் மகளும் என்னோடு முவைலாவில்தான் இருக்கிறார்கள். டாக்டர் எனக்கு இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நான் பூனை மாதிரி போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும், உள்ளே இருந்து மகள் கத்துவாள்: “அம்மா! ஹராமி சார்!”

வீட்டுக்குள் சரி. போன வாரம் லிஃப்டில் எங்களோடு மேல்வீட்டு லாகூர்க்காரர் வந்தார். என் சட்டைப் பையில் மிட்டாய்க் காகிதம் எட்டிப் பார்த்ததை மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

“அப்பா, யூ ஆர் எ ஹராமி சார்!”

குல் கான் சொன்ன அர்த்தம் மட்டுமே தெரிந்த லாகூர்க்காரரின் புருவம் ஏறியது. எனக்குப் பழையபடி கழுத்து வேர்த்தது. “அரபி சார், அரபி!” என்று அவரிடம் கும்பிட்டேன்.

“நோ அப்பா,” என்றாள் மகள், டீச்சர் மாதிரி நிதானமாக. “அரபி இல்லை. ஹ-ரா-மி.”

அவர் சிரிக்கத் தொடங்குவதற்குள் நடுவில் ஏதோ ஒரு மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. நான் இறங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு இன்னும் நாலு மாடி இருந்தது, படியில் ஏறினேன்.