கெட்டிமேளம் கொட்டிய ரக்பி மேட்ச்

கவலைப்படுவதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் காபிக்கு முன்னால் விசாவைப் பற்றி. ஃப்ரீவேயில் வேலையைப் பற்றி. ராத்திரி படுத்த பிறகு, பகலில் எதைப் பற்றிக் கவலைப்பட மறந்துபோனோம் என்பதைப் பற்றி. இப்படிப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலேயே வாயைக் கொடுத்து, ஒரு மாதம் முழுக்கத் தூக்கத்தைத் தொலைத்தேன். இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில். காரணம், அதுவரை நான் ஒரு நிமிஷம்கூடப் பார்த்திராத ஒரு விளையாட்டு.

அப்போது எனக்கு எச்-1 என்ற வேலை விசா, என் மனைவி கலாவுக்கு எச்-4. எச்-4 என்றால் அமெரிக்காவில் சமைக்கலாம், துணி மடிக்கலாம், ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டை வேடிக்கை பார்க்கலாம்; சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கலா திருச்சியில் ப்ளஸ் டூ கணக்கு டீச்சர். அவள் வகுப்பில் சாக்பீஸ் விழுந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். இங்கே அபார்ட்மெண்டில் அவள் பேச்சைக் கேட்க நான் ஒருவன்தான், நானும் சரியாகக் கேட்பதில்லை. "கிரீன் கார்டு எப்பங்க வரும்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. என் மேனேஜர் கெவின் கையெழுத்துப் போட்டால் காகிதங்கள் நகரும். அவை அவர் மேஜையில், ஒரு காபிக் கோப்பைக்கு அடியில் இருந்ததை நானே பார்த்தேன். கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் அவசரப்படுகிறான் என்று நினைப்பாரோ, கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பாரோ என்று இரண்டு பக்கமும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கெவின் ஆஸ்திரேலியாக்காரர், குயீன்ஸ்லாந்து மாநிலம். அவருடைய பெரிய துக்கம், அமெரிக்காவில் யாருக்கும் ரக்பி லீக் தெரியாது என்பது. முட்டை மாதிரி ஒரு பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரணியில் மூன்று பேர் சேர்ந்து அவனை மல்லாக்கத் தள்ளுவார்கள். அவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் தள்ளிவிட்டு, அடுத்து தள்ளப்படுவதற்குத் தயாராவான். (எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சடுகுடுவுக்குப் பந்து கொடுத்தால் எப்படியோ அப்படி.) வருஷா வருஷம் குயீன்ஸ்லாந்தும், சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸும் மோதும். குயீன்ஸ்லாந்துக்கு அரக்கு நிறச் சட்டை, மற்றவர்களுக்கு நீலம். அந்த நாட்களில் இரண்டு மாநிலத்தாரும் ஒருவருக்கொருவர் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்றார் கெவின்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவர் பழைய கதையை எடுத்துவிடுவார். (அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் எல்லாமே திருச்சித் தமிழில்தான் பதிந்திருக்கிறது.)

"இப்ப ஆடுறவனுங்க தலை கலையாம ஆடுறானுங்கப்பா. அந்தக் காலத்துல பல்லு போனா ஜோப்புல போட்டுக்கிட்டு ஆடுவான். எண்பதுகள் ஆரம்பத்துல பிரிஸ்பேன்ல ஒரு மேட்ச். மொத்த டீமும் மொத்த டீமோட கட்டிப் புரண்டுச்சு. அம்பயர் விசில முழுங்காத குறை. அந்தச் சண்டைய இன்னொரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும்."

அந்த நேரத்தில்தான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "எங்க அத்தான் சிட்னியிலதான் இருக்கார். கேசட் வரவழைச்சிடறேன். நம்ம வீட்லயே பாக்கலாம், வந்ததும் ஒரு சனிக்கிழம வாங்க."

கெவின் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை வலித்தது. அன்று சாயங்காலமே அவர் தன் நண்பர் இயனையும் அழைத்துவிட்டார். இயன் சிட்னிக்காரர், நீலக் கட்சி. "அவன் மூஞ்சிய நான் பாக்கணும்" என்றார் கெவின்.

அக்காவின் கணவர், என் அத்தான், உறையூர்க்காரர். சிட்னிக்குப் போய் நான்கே வருஷம். ஃபோன் செய்தேன்.

"அந்த மேட்சா? அதுல நாங்க தோத்துட்டோம் மாப்ள" என்றார்.

"நாங்கன்னா யாரு அத்தான்?"

"நியூ சவுத் வேல்ஸ்டா! எங்க மாநிலம். அதை எதுக்கு வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பி மானத்த வாங்கறே? நாங்க ஜெயிச்ச மேட்ச் அனுப்பறேன், ஜோரா இருக்கும்."

அக்காவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, கலா, வேலை, கிரீன் கார்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த கேசட்டை அக்கா வாங்கி அனுப்பினாள். உறையில் அத்தான் தன் கையெழுத்தில் 'அம்பயர் சரியில்லை' என்று எழுதியிருந்தார்.

கேசட்டைப் போட்டால் திரையில் சாம்பல் கோடுகள் ஓடின. இந்தியா, ஆஸ்திரேலியா கேசட் அமெரிக்க வி.சி.ஆரில் ஓடாது, மாற்ற வேண்டும். ஊரிலிருந்து கல்யாணக் கேசட் வந்த எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்கும் தெரியும், கவலையில் மறந்துபோயிருந்தது. மௌரி அவென்யூவில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் கண்ணன் என்பவர் கேசட் மாற்றித் தருவார். கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், கல்யாண வீடியோ மிக்சிங்கில் மன்னன் என்று அவரே சொல்வார்.

நான் செய்த தப்பு இங்கேதான். "கண்ணன் சார், ரொம்ப முக்கியமான கேசட். பெரிய மனுஷங்க பாக்கப் போறாங்க. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. நல்லா பண்ணிக் குடுங்க" என்றேன்.

"பிரமாதமா பண்ணிடலாம் சார்" என்றார் கண்ணன். அவர் கண்ணில் ஒரு ஒளி தெரிந்தது. நான் அதைத் தொழில் பக்தி என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர் சனிக்கிழமை மதியம்தான் தந்தார். போட்டுப் பார்க்க நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் வாசலில் கெவினின் கார் நின்றது. கெவின் அரக்குச் சட்டை, இயன் நீலச் சட்டை; சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்தபடி கலாவின் மெதுவடையைத் தின்றுகொண்டிருந்தார்கள். கேசட்டை உள்ளே தள்ளினேன்.

முதலில் பிள்ளையார் வந்தார்.

ஒளிவட்டத்தோடு சுழன்று வந்து நின்றார். பின்னணியில் நாதஸ்வரம். அடுத்து ரோஜாப்பூக்களுக்கு நடுவே 'வருக! வருக!' என்று எழுத்து. கெவின் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல எதை ஆரம்பிச்சாலும் இப்படித்தான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

ஒரு தாமரை மொட்டு மெல்ல விரிந்தது. அதற்குள்ளிருந்து குயீன்ஸ்லாந்து கேப்டனின் உடைந்த மூக்கு எழுந்து வந்தது. அடுத்து ஒரு இதயத்துக்குள் இரண்டு அணித் தலைவர்களும் ஜோடியாகச் சேர்ந்து நின்றார்கள். மேட்ச் ஆரம்பித்தது. ஒருவன் விழுந்தால் திரை நான்காகப் பிரிந்து நான்கிலும் அவனே விழுந்தான். முதல் புள்ளி எடுக்க ஒரு அரக்குச் சட்டைக்காரர் எல்லைக் கோட்டுக்கு அந்தப்புறம் பந்தோடு பாய்ந்த அந்த நொடியில், கெட்டிமேளம் கொட்டியது. வானத்திலிருந்து அட்சதையும் விழுந்தது.

இயன் சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெவின் சிரிக்கவில்லை. அவர் காது மட்டும் சட்டையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். பிரஷர் குக்கரை எடுத்துப் போவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்பது வரை போய்விட்டேன்.

"இரு, இப்ப வருது பார் சண்ட" என்று கெவின் முன்னால் குனிந்தார். இரண்டு அணியும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடின. கைகள் ஓங்கின. தாமரை விரிந்தது. தாமரை மூடியபோது எல்லாரும் ரத்த மூக்கோடு சாதுவாக வரிசையில் நின்றிருந்தார்கள்.

"சண்ட எங்க?" என்றார் கெவின்.

சமையலறைக்குள் ஓடி ஃபோனை எடுத்தேன். "கண்ணன் சார், சண்ட எங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"வெட்டிட்டேன் சார்" என்றார் கண்ணன் நிம்மதியாக. "நீங்க சொல்லவே வேணாம். கல்யாணத்துல சம்பந்தி சண்ட வந்தா நாங்களே எடுத்துடுவோம். பின்னாடி குழந்தைங்க பாக்கணும்ல?"

"அந்தச் சண்டைக்காகத்தான் சார் இந்தக் கேசட்டே!"

"அடடா. ஆனா சார், சொந்தக்காரங்க ஒருத்தர விடல. கூட்டத்த நல்லா ஸ்லோவா, க்ளோசப்ல போட்டிருக்கேன். யாரையாவது விட்டுட்டா அப்புறம் ஜென்மப் பகை ஆயிடும் பாருங்க."

கலா அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "என்னங்க, போச்சா?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. என் வாயால் இன்னும் எத்தனை வருஷம் ஜன்னலோரம் நிற்கப்போகிறாளோ என்று நினைத்தேன்.

அப்போது ஹாலில் இயனின் சிரிப்பு சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். கெவின் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பார்வையாளர் கூட்டம், ஒவ்வொரு முகமாக, ரொம்ப மெதுவாக நகர்ந்தது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்று கை தட்டினார். அவர் மேல் பூ விழுந்துகொண்டே இருந்தது. கண்ணன் அவரை யாரோ பெரிய தாய்மாமன் என்று நினைத்திருக்க வேண்டும், இரண்டு தடவை போட்டிருந்தார்.

"எங்கப்பா" என்றார் கெவின்.

திரையில் அந்தத் தொப்பியின் மேல் விரலை வைத்தார்.

"அந்த மேட்சுக்கு அவரோடதான் போனேன். அடுத்த வருஷம் அவர் இல்ல. டிவியில ஒரு கண்ணிமைக்கிற நேரம் அப்பா வந்தாருன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் பாத்ததே இல்ல. இவ்வளவு நேரமா... ரிவைண்ட் பண்ணுப்பா."

ரிவைண்ட் செய்தேன். அவசரத்தில் முதலில் பிள்ளையாருக்கே போய்விட்டது. திரும்ப அந்த இடத்துக்கு வந்தபோது இயன் எழுந்து வந்து, நீலச் சட்டையோடு, கெவினின் தோளில் கை வைத்து நின்றார். நாதஸ்வரத்தைக் காட்டி "இது என்ன மியூசிக்?" என்று கெவின் கேட்டார். ரொம்ப நல்ல காரியம் நடக்கிறபோது வாசிக்கிறது என்றேன். அது சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, கெவின் நெகிழ்ந்திருக்கிற நேரத்தை விடக்கூடாது என்று அவர் அறைக்குள் போனேன். "அந்தக் கிரீன் கார்டு பேப்பர்..." என்று இழுத்தேன்.

"அதுவா? எப்பவோ கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே. உன்கிட்ட யாரும் சொல்லலியா?"

"எப்பங்க?"

யோசித்தார். "நீ கேசட்டுன்னு பேச்செடுத்தியே, அதுக்கு முந்தின நாள்."

வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்ப இந்த ஒரு மாசம் எதுக்குங்க மோட்டுவளைய முறைச்சுக்கிட்டுக் கிடந்தீங்க?" என்றாள். கிரீன் கார்டு வர மேலும் சில வருஷங்கள் ஆயின. ஆனால் வந்தது. கலா இப்போது ஒரு ஹைஸ்கூலில் கணக்கு நடத்துகிறாள். அங்கேயும் சாக்பீஸ் விழுந்தால் கேட்குமாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வசனம் ஆகிவிட்டது. ஏர்போர்ட்டில் பெட்டி வரத் தாமதமாகி நான் நகம் கடித்தால், "கெவின் கையெழுத்துப் போட்டாச்சுங்க" என்பாள் கலா. பின்னால் பிறந்த எங்கள் மகளின் காலேஜ் அட்மிஷன் கடிதத்துக்கு நான் தபால் பெட்டியைச் சுற்றி வந்தபோது, விண்ணப்பம் போட்ட மகளே வாசலில் நின்று, "அப்பா, ரிலாக்ஸ். கெவின் சைன்ட் இட்" என்றாள். அவள் கெவினைப் பார்த்ததுகூட இல்லை.

போன வருஷம் கலாவுக்கு ஒரு ஆபரேஷன். (இப்போது நன்றாக இருக்கிறாள், மேலே நான் விட்ட எழுத்துப் பிழைகளைத் திருத்தியதும் அவள்தான்.) தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, தலையில் நீலத் தொப்பி மாட்டி, நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். தைரியம் சொல்ல வேண்டியவன் நான். நடைபாதை விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தேன். கதவருகே நர்ஸ் என்னை நிற்கச் சொன்னார். கலா தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு? கெவின் எப்பவோ கையெழுத்துப் போட்டுட்டாரு. போய் ஒரு காபி குடிங்க."

கதவு மூடியது. நர்ஸுக்கு அந்தப் பெயர் மட்டும் புரிந்திருக்கிறது. "கெவின் யாரு? அவங்க டாக்டரா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரக்பி லீக் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன்.