நீலக் கயிறு கட்டின குட்டி

விசில் சத்தம் கேட்டது. பிரிஸில்லா ஈரக் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடினாள். கீழே குப்பை வண்டி இல்லை. தெருவில் ஒரு பூனைகூட இல்லை. மறுபடியும் விசில். இந்தத் தடவை மேலேயிருந்து. அவள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

திரும்பி ஏறிப் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட இருட்டில், லுங்கியும் பனியனுமாக, கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றிருந்தார் அவள் புருஷன் தியோடர்.

“நீங்களா ஊதினீங்க?”

“ஆமா. ஒரு நீள ஊதல்னா உக்காரணும். மூணு குட்டி ஊதல்னா திரும்பி வரணும்.”

“யாரு?”

“நாய்.”

“எந்த நாய்?”

“இனிமே வாங்கப் போற நாய்.”

பிரிஸில்லா வாளியைக் கீழே வைத்தாள். “தோசைக்கு மாவு இல்ல. நீங்க சட்னிக்கு உப்பு பாத்துட்டு நிக்கறீங்க.”

தியோடருக்கு வேலை பீன்யா தொழிற்பேட்டையில். இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தும் உலைக்குக் காவல். இரவு முழுக்க ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. ஏறாமலும் இறங்காமலும் இருக்கிற ஒன்றை ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் பார்ப்பான்? மீதி நேரத்துக்குக் கைபேசி. அதில்தான் ஒரு நாள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். பனி மூடிய சதுப்பு. வானத்தில் காட்டு வாத்துகள். ஒரு வெடிச்சத்தம். எங்கேயோ தண்ணீரில் ஒன்று விழுந்தது. கறுப்பு நாய் ஒன்று நீந்திப் போய், பல் படாமல் அதைக் கவ்வி, நேரே அவர் காலடியில் கொண்டுவந்து வைத்து, அண்ணாந்து பார்த்தது.

அந்தப் பார்வையில் விழுந்தவர்தான் தியோடர். எழுந்திருக்கவில்லை. உலைக்கு முன்னால் வேர்த்து ஒழுகிக்கொண்டே, அந்தப் பனியில் நடுங்கினார். குட்டி தேர்ந்தெடுப்பது எப்படி, தாய் தகப்பன் எப்படி இருக்க வேண்டும், வெடிக்கு அஞ்சாத குட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ராத்திரி ராத்திரியாகக் கற்றுத் தேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஒட்டாத இங்கிலீஷ் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து ஒட்டியது.

“நம்ம கிட்ட துப்பாக்கி இருக்கா?” என்றாள் பிரிஸில்லா.

“இல்ல.”

“வாத்த சுட விடுவாங்களா?”

“சட்டம் ஒத்துக்காது.”

“அப்ப, சுடத் துப்பாக்கி இல்ல. சுட்டா உள்ள போடுவாங்க. விழறதுக்கு வாத்தும் இல்ல. விழாத வாத்தப் பொறுக்கிட்டு வர நாய் மட்டும் வேணும்.”

“ரப்பர் வாத்து விக்குது, பிரிஸி. ஏரியில தூக்கிப் போட்டா போயி எடுத்துட்டு வரும். வாத்துதான் பொய். வேலை நிஜம்.”



இந்த இடத்தில் அந்த வீட்டின் பெரிய வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பிரிஸில்லா கேட்பாள்: “இந்த வருஷமாவது பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கோங்களேன்.” தியோடர் “பாக்கலாம்” என்பார். பகலில் ஃபாக்டரியில் மனுஷர்கள் இருப்பார்கள். பேசுவார்கள். பதில் சொல்ல வேண்டும். உலை எதுவும் கேட்பதில்லை. ஆகவே அவர் விடிந்ததும் வீடு வருவார், அவள் நர்சரிப் பள்ளிக்குக் கிளம்புவாள்; அவள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார். படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும் குடித்தனம். மகள் ஜூலியா அயர்லாந்துக்கு நர்ஸாகப் போனபிறகு அடுகோடியின் அந்த இரண்டு அறை வீட்டில் சாயங்காலம் விளக்குப் போடுவது பிரிஸில்லா ஒருத்திக்காக மட்டும்தான். அதை அவள் சொன்னதில்லை. அவரும் யோசித்ததில்லை. தான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இந்த ஊரில் ஒரு ஜீவன் இல்லை என்ற தன் சொந்தத் துக்கத்தைச் சுமக்கவே அவருக்குத் தோள் போதவில்லை.

இந்த ஈஸ்டருக்கு அவள் கேட்கவில்லை. தியோடர் நிம்மதியாகக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். கேட்பதை நிறுத்திவிட்ட பெண்டாட்டியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

“சரி, வாங்கிக்கலாம்” என்றாள் பிரிஸில்லா, வாளியை மறுபடி கையில் எடுத்தபடி.

தியோடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சண்டைக்காக ஒரு மாதமாக நியாயங்களை அடுக்கி வைத்திருந்தார். இப்போது அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

“ஒண்ணு மட்டும். குட்டி பாக்க நானும் வருவேன்.”

*

ஹெப்பகோடியில், நாய் வளர்த்து விற்கும் பாலசுப்ரமணியன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கறுப்பு லாப்ரடாரும் நாலு குட்டிகளும் இருந்தன. அடையாளத்துக்காகக் கழுத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கம்பளிக் கயிறு.

“அப்பன்காரன் தண்ணியக் கண்டா விடமாட்டான் சார்” என்றார் பாலசுப்ரமணியன். “தோட்டத்துத் தொட்டியில எறங்கினா, பிஸ்கட்டக் காட்டினாத்தான் கரையேறுவான்.”

தியோடர் தாய் நாயின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். தாயும் அவரை அப்படியே பார்த்தது. “பெத்தவங்க குணந்தான் பிள்ளைக்கு வரும். அதைப் பாக்காம எடுக்கவே கூடாது” என்று பொதுவாக அறிவித்தார்.

“எங்க வீட்டுல உங்களப் பாக்க வந்தப்ப இந்த வீடியோ எங்களுக்குக் கெடைக்கல” என்றாள் பிரிஸில்லா, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

தியோடர் காதில் போட்டுக்கொள்ளாமல் பையைத் திறந்தார். ஒரு சுருட்டிய காலுறை. ஒரு எவர்சில்வர் தட்டு. சிவாஜிநகர்க் கறிக்கடையில் கெஞ்சி வாங்கிய ஒற்றை வாத்து இறக்கை. ஒரு முட்டை.

“சார் சமைக்கப் போறாரா?” என்று பாலசுப்ரமணியன் பிரிஸில்லாவைக் கேட்டார்.

“பரீட்சை வெக்கறார்.”

பரீட்சை தொடங்கியது. தட்டை ‘டணார்’ என்று கீழே போட்டார். பச்சை அங்கே கிடந்த கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது, பரீட்சை முடிகிறவரை வெளியே வரவில்லை. மஞ்சள் மட்டும் தட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தது. இறக்கையைப் போட்டார். சிவப்பு அதைக் கவ்வி, யார் கேட்டும் தரவில்லை. காலுறையை உருட்டினார். மஞ்சள் ஓடிப்போய் எடுத்து நேரே அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தது. வெள்ளைக்காரர் சொன்னது சொன்னபடி. வாய் மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க முட்டையை நீட்டினார். சிவப்பு முட்டையைத் தின்று, ஓட்டைத் தின்று, அவர் விரலையும் பார்த்தது.

நீலம்? நீலம் எந்தப் பரீட்சைக்கும் உட்காரவில்லை. அவர் கழற்றிப் போட்ட செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

முட்டைக் கையோடு தியோடர் முன்பக்கக் குழாயடிக்குப் போனார். கழுவிவிட்டுத் திரும்பும்போது பிரிஸில்லா ஆனந்தமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“மஞ்சள்தாங்க! கண்ண மூடிட்டு மஞ்சள எடுங்க. என்ன அறிவு, என்ன அழகு! நான் அப்பவே நெனச்சேன்.”

தியோடரும் அதைத்தான் நினைத்திருந்தார். அதனால்தான் சுருக்கென்றது. அவர்கள் வீட்டில் திரைச்சீலை அவள் தேர்ந்தெடுத்தது. ஸ்கூட்டர் நிறம் அவள் சொன்னது. அவர் சட்டை, அவர் செருப்பு, அவர் கண்ணாடி ஃபிரேம் எல்லாம் அவள். எல்லாமே சரியாகவும் அமைந்துவிட்டது. ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

“நீலம்?” என்றார்.

“அய்யே. உங்க மாதிரியே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு.”

“நீலம் விக்கறதுக்கு இல்ல சார்” என்றார் பாலசுப்ரமணியன், எங்கேயோ பார்த்தபடி.

விற்பதற்கில்லை! தியோடர் நிமிர்ந்தார். நல்லதை எவன் கடையில் வைப்பான்? சோதித்துவிடலாம் என்று கேட் வரை நடந்துபோய், திரும்பாமலே சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார். திரும்பினார். சிவப்பும் மஞ்சளும் இறக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. குனிந்தார். நீலம் அவர் குதிகாலில் இருந்தது. விசிலுக்கு வந்ததல்ல. அவர் நடக்க ஆரம்பித்தபோதே கூட வந்திருக்கிறது. கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டது.

தியோடர் அதை வாரி எடுத்துக்கொண்டார்.

“இதுதான்” என்றார். “இதத் தவிர வேற வேண்டாம். என்னவானாலும் சரி.”

பாலசுப்ரமணியன் பிரிஸில்லாவைப் பார்த்தார். பிரிஸில்லா பெருமூச்சு விட்டாள். “அவர் முடிவு பண்ணிட்டா நாம என்னங்க பண்றது?”

வாடகைக் காரில் திரும்பும்போது அவள் வழி முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், மனசு ஒடிந்துவிட்டாள் என்று நினைத்தார் தியோடர். கல்யாணமான நாள் முதல் அவர் ஜெயித்த முதல் யுத்தம். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். எனவே பேசாமல் வந்தார்.

*

குட்டிக்கு ‘கர்னல்’ என்று பெயர் வைத்தார். சட்டமும் போட்டார்.

“வேலை செய்யற நாய்க்கு ஒரே எஜமான். சோறு நான்தான் வெப்பேன். தூக்கறது நான்தான். நீ கொஞ்சக் கூடாது.”

“தொடக்கூட மாட்டேன்” என்றாள் பிரிஸில்லா. சொன்னபடி தொடவில்லை.

அன்று ராத்திரி தியோடர் உலைக்குப் போனார். கர்னல் கதவிடம் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. அழுகை என்றால் குழந்தை அழுகை இல்லை. தாலுக்காவுக்கே துக்கம் சொல்லுகிற அழுகை. பிரிஸில்லா போன் செய்தாள்.

“கேக்குதா?” கைபேசியைக் குட்டியிடம் நீட்டினாள்.

உலையின் இரைச்சலுக்கு மேல் அது கேட்டது. “கொஞ்சம் தடவிக் குடேன், பிரிஸி.”

“அய்யய்யோ. நீங்க போட்ட சட்டம். ஒரே எஜமான்.”

இரண்டாம் நாளும் அழுதது. மூன்றாம் நாளும். காலையில் களைத்து வந்தவரைக் கீழ்வீட்டு வித்யாலட்சுமி படிக்கட்டிலேயே மடக்கினாள். இடுப்பில் கைக்குழந்தை. இருவர் கண்ணும் சிவந்திருந்தன.

“அங்கிள், உங்க நாய் அழுதா எங்க பாப்பா அழறா. பாப்பா அழுதா நான் அழறேன். ஹவுஸ் ஓனருக்கு மெசேஜ் போட்டாச்சு. சாரி.”

“பழகிடும்மா.”

“யாருக்கு அங்கிள்?”

மேலே போனதும் சட்டத்தை ரத்து செய்துவிட்டுப் பிரிஸில்லாவிடம் குட்டியைக் கொடுத்துப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது. கர்னல் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்து அழுதது.

“திருப்பிக் குடுத்துடலாமா?” என்று பிரிஸில்லா மெதுவாகக் கேட்டாள்.

தியோடர் உலகத்தில் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். கூப்பிடும் முன் வந்ததை எப்படிக் கொடுப்பது? அன்று ராத்திரி உலையின் எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் அவருக்கு அந்த எண் தெரியவே இல்லை.

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“பகல் ஷிஃப்ட்டா? நீங்களா? என்ன விஷயம் தியோடர்?”

நாய் என்று சொல்ல நாக்கு வரவில்லை. “வீட்டுல சின்னவன் சார். ராத்திரில நான் இல்லேன்னா அழறான்.”

மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். “இந்த வயசுல! சொல்லவே இல்லையே!” சாயங்காலத்துக்குள் ஃபாக்டரி முழுக்க லட்டு கேட்டது. கேன்டீனில் இரண்டு பேர் அவரிடம் ரகசியமாக மருந்து விசாரித்தார்கள். பகலில் மனுஷர்கள் பேசுவார்கள் என்று அவர் பயந்தது இதற்குத்தான்.

*

ஆக, இப்போது தியோடர் வெளிச்சத்தில் வேலைக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வருகிறார். ஜன்னலின் கறுப்புத் துணி கர்னலின் படுக்கையாகிவிட்டது. ஞாயிறுகளில் கோயில் முடிந்து மூவருமாக ஏரிக்குப் போகிறார்கள். ரப்பர் வாத்தைத் தண்ணீரில் எறிவார். கர்னல் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, ‘போச்சே’ என்பதுபோல் பார்க்கும். நிஜ வாத்து ஒன்று கத்தினால் பிரிஸில்லாவின் சேலைக்குள் புகுந்துகொள்ளும். ஒரு தடவை தியோடரே பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். காவல்காரர் விசில் ஊதினார். ஒரே நீள ஊதல். தியோடர் அப்படியே நின்றார்.

அவரைக்காய் வந்த பருவத்தில், அடுகோடிப் பக்கம் ஏதோ வேலையாக வந்த பாலசுப்ரமணியன் குட்டியைப் பார்க்க மேலே ஏறி வந்தார். கர்னலின் காதைத் திருகிக் கொஞ்சினார்.

“என்ன சார், சொன்ன மாதிரியே ராத்திரியெல்லாம் அழுது உசுர வாங்கியிருப்பானே?”

“நீங்க எங்க சொன்னீங்க?” என்றார் தியோடர்.

“உங்க கிட்ட இல்ல சார், மேடம் கிட்ட. நீங்க கை கழுவப் போனீங்களே, அப்ப. ‘நாலுல எது தனியா விட்டா தாங்காது?’ன்னு கேட்டாங்க. நீலம், ஒட்டிக்கிட்ட ஆள் பக்கத்துல இல்லேன்னா ஊரக் கூட்டும், அது வேணாம்மான்னேன். ‘அதுதான் வேணும். ஆனா அவரே புடிவாதம் புடிச்சு எடுக்கணும். நான் மஞ்சளப் புகழறேன், நீங்க நீலம் விக்கறதில்லன்னு மட்டும் சொல்லுங்க’ன்னாங்க.” பாலசுப்ரமணியன் நிறுத்தினார். “ஏன் சார், வீட்டுல பேசிக்கலையா?”

அவர் காபி குடித்துவிட்டுப் போனபிறகு தியோடர் சமையலறை வாசலில் வந்து நின்றார். பிரிஸில்லா ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

“நர்சரிப் பிள்ளைங்க கிட்ட பண்ற வேலைய என் கிட்ட பண்ணியிருக்கே.”

“அதுங்க கிட்ட இது பலிக்காது. இப்பல்லாம் விவரமா இருக்குங்க.”

“நேரா கேட்டிருக்கலாமே?”

பிரிஸில்லாவின் கை ஒரு கணம் நின்றது. “எத்தன வருஷம் கேட்டேன். ‘பாக்கலாம்’னீங்க. அது மூணு நாள் கேட்டுச்சு. ஓடி வந்துட்டீங்க.”

காலடியில் கர்னல் அண்ணாந்து பார்த்தது. தியோடர் அதன்மேல் பாய்ந்தார்.

“ஒரு வாத்துக்கூட எடுத்துட்டு வராத நாய்!”

“அதச் சொல்லாதீங்க” என்றாள் பிரிஸில்லா. ஒரு பருப்பு கிண்ணத்தில் விழுந்தது. “நான் கேட்டத பீன்யாலேருந்து பல்லுகூடப் படாம எடுத்துட்டு வந்து வீட்டுல வெச்சுது.”

கீழே தெருவில் விசில் சத்தம் கேட்டது. தியோடர் ஈரக் குப்பை வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.