ஆதாமின் விலா எலும்பும் என் ஆராய்ச்சியும்

ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அதை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசும் திறமை, இருபத்து மூன்று வயதில் எனக்கு இருந்தது.

அப்போது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பைப் கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு எடுப்பேன். ஒரு ஞாயிறு, பெற்றோரையும் வரவழைத்து, பரிணாமக் கொள்கையை ஒரேயடியாக ஒழித்துக்கட்டத் தீர்மானித்தேன். (அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசியம் எனக்கு ஏற்படவில்லை.)

"ஆண்டவர் ஆதாமின் விலா எலும்பை எடுத்து ஏவாளைப் படைத்தார். அதனால்தான் இன்றும் ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு! விஞ்ஞானிகள் பதில் சொல்லட்டும்!" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல்.

ஏழாவது படிக்கும் ஷைனி எழுந்தாள். "சாரே, எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ணாமச் சொல்லுவேனா?" (எண்ணவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது.)

"அப்போ எத்தனை சாரே?"

"ஆணுக்கு இருபத்து மூணு, பொண்ணுக்கு இருபத்து நாலு."

பொய் சொன்னது உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் குடைந்து இரண்டு எக்ஸ்ரேக்களை எடுத்தேன். ஒன்று, வளைகுடா வேலைக்காக நான் எடுத்தது. (வேலை கிடைக்கவில்லை, எக்ஸ்ரே மிச்சம்.) மற்றது, அக்கா நர்ஸ் வேலையில் சேர்ந்தபோது எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். இருவருக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு. நான்கு முறை எண்ணியும் ஆண்டவர் மனம் மாறவில்லை.

"அக்கா, எனக்கு மட்டும் ஒண்ணு கூடுதலா வளந்திருக்குமோ?"

"உனக்குக் கூடினது எலும்பு இல்லலே, வாயி. பேசாம விட்ரு. யாரு எண்ணப்போறா?"

"ஷைனி எண்ணுவா" என்றேன். விடுவதாக இல்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு எக்ஸ்ரேக்களையும் சபை ஜன்னலில் ஒட்டி, எல்லார் முன்னாலும் எண்ணிக் காட்டினேன். "போன வாரம் நான் சொன்னது பொய். எண்ணவே இல்ல, வாட்ஸ்அப்புல வந்தது" என்றேன்.

சபைச் செயலாளர் துள்ளி எழுந்தார். "இவன் குரங்குக் கட்சிக்குப் போயிட்டான்! இனி வகுப்பு கொடுக்கக் கூடாது!"

"உக்காருங்க செயலரே" என்றார் போதகர். "ஒரு விரல் போனவனுக்குப் பொறக்குற பிள்ளைக்கு ஒன்பது விரலா இருக்கும்? ஆதாம்கிட்ட எடுத்தாருன்னுதான் வேதத்துல இருக்கு. மத்தவங்களுக்கும் குறையும்னு சேத்தது இவன்."

அத்தோடு தப்பித்தேன் என்று நினைத்தேன். ஷைனி எழுந்தாள். "அப்போ பரிணாமத்தப் பத்திச் சொன்னதும் வாட்ஸ்அப்பா சாரே?"

வாசலைப் பார்த்தேன். தூரமாக இருந்தது. "ஆமா."

சபை வெடித்துச் சிரித்தது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு மாசம் வகுப்பு வேண்டாம்டே. போய்ப் படி. படிச்சதுல என்ன தெரிஞ்சுதோ, அத அப்படியே வந்து சொல்லு."

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். புரியாததை விலங்கியல் ஆசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று, "பரிணாமத்துக்கு ஆதாரம் நிறைய இருக்கு. எனக்கு விசுவாசமும் இருக்கு. ரெண்டும் எப்படிச் சேருதுன்னு இன்னும் முழுசாப் புரியல" என்றேன். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. நான் வகுப்பை நிறுத்தவில்லை.

இன்றைக்கும் எங்கள் சபைக் கல்யாணங்களில் அந்த விலா எலும்பு வசனம் வாசிக்கப்படும்போது, பின்னாலிருந்து ஏதாவது ஒரு விரல் என் விலாவில் குத்தும். என் கல்யாணத்தன்று பின்னால் யாரும் இல்லை என்று நிம்மதியாக நின்றேன். பக்கத்திலிருந்து குத்தினாள் மணப்பெண்.