வண்டியின் முன்பாதி நலம்

மதிப்பிற்குரிய பெரியத்தான் அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் தம்பி நலம். மாமனாருடைய பழைய கார் வண்டியில் முன்பாதி நலம். பின்பாதியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மேலே படிக்கும் முன் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும். ரத்த அழுத்த மாத்திரை போட்டாகிவிட்டதா என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளவும்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தோரு வருஷத்தில் நான் உங்களுக்கு நேராக எழுதும் முதல் கடிதம் இதுதான். எதுவானாலும் அக்காவிடம் சொல்வேன், அக்கா உங்களிடம் சொல்வார்கள், அதுதான் வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வண்டி துருப்பிடித்து வீணாகிறது, விற்றுவிடலாம் என்று நீங்கள் நியாயமாகத்தான் சொன்னீர்கள். அதற்கு உங்கள் தம்பி, "அப்பா உட்கார்ந்த வண்டியில எவனாவது கை வச்சா அந்தக் கையை வெட்டுவேன்" என்றார். நீங்கள் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினவர்தான். அன்றையிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நானும் அக்காவும்தான் தந்தியாபீஸ் நடத்துகிறோம். அந்த வண்டியைத்தான், பெரியத்தான், அதே வாயால் அப்படிச் சொன்ன மனுஷர், போன மாதம் பன்னிரண்டாம் தேதி முன் சீட்டுக்குப் பின்னால் சாக்பீஸால் கோடு போட்டு இரண்டாக அறுத்துவிட்டார்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். தோள்வலி தாங்காமல் பல் ஆஸ்பத்திரியை மூடினாரே, அங்கேதான் ஆரம்பித்தது. முப்பத்துநான்கு வருஷம் ஊரார் வாயையே பார்த்தவருக்கு வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. முதல் மாதம் என் வாயைப் பார்த்தார். இரண்டாம் மாதம் நான் வாயைத் திறப்பதையே நிறுத்தியதும் வண்டி நிற்கிற கொட்டகைக்குப் போய்விட்டார். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நாள் முழுக்கக் கோப்புகளைத் தூக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் கொக்கி ஊசியையும் வைத்துக்கொண்டு வண்டியை இடம் இடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். முன்பக்கம் வேரெல்லாம் கெட்டியாக இருக்கிறதாம், பின்பக்கம் முழுக்கச் சொத்தையாம். டிக்கியின் தரையில் விரலை வைத்தார், விரல் மறுபக்கம் வந்து எனக்கு வணக்கம் சொன்னது. சரி, அடைப்பார் என்று நினைத்தேன். அடைக்கவும் செய்தார். நாலு டப்பா பட்டி வாங்கி, பல்லுக்குப் பூசுகிற மாதிரி ஒரு வாரம் பூசினார். ஏழாம் நாள் டிக்கியை மூடினதும் அத்தனையும் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அதற்கு அப்புறம்தான் இந்த யோசனை. சொத்தையை எடுத்துவிட்டால் மிச்சம் பிழைக்கும், பின்பக்கத்தை எடுத்துவிட்டுப் பலகை போட்ட தட்டு வைத்தால் பிக்கப் வண்டி ஆகிவிடும், சாமான் ஏற்றலாம் என்றார். நம்மிடம் ஏற்றுவதற்கு என்ன சாமான் இருக்கிறது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வாங்கலாம் என்றார்.

அன்றையிலிருந்து வீடு வீடாக இல்லை. கூடத்தில் இருந்த சோபா மாடிக்குப் போய், வண்டியின் பின் சீட்டு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. யார் உட்கார்ந்தாலும் ஸ்பிரிங் புடவையைப் பிடித்துக்கொள்கிறது. எழுந்திருக்க விடமாட்டேன் என்கிற அளவுக்கு அதற்கு உபசாரம் தெரியும். பின் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும் என்று கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார், என் பக்கம். கழற்றிய ஆணிகளையும் நட்டுகளையும் சமையலறை டப்பாக்களில் போட்டு, பழக்க தோஷத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறார்: மேல் இடது மூன்று, கீழ் வலது ஆறு. நான் சர்க்கரை என்று நினைத்துத் திறந்த டப்பாவில் இரண்டு கடைவாய்ப் பல் அளவுக்கு போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. சர்க்கரை எங்கே என்று கேட்டதற்கு, அது கீழ் இடது ஒன்றில் இருக்கிறதாம்.

இதற்குத் துணையாக ஒரு வெல்டிங்காரரைப் பிடித்திருக்கிறார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கை சுத்தம், வாய் சுத்தமில்லை. எப்போது கேட்டாலும் நாளைக்கு வருகிறேன் என்பார், அதனால் தெருவில் அவர் பெயரே 'நாளைக்கு' ஆகிவிட்டது. இதனால் எனக்கு வந்த தலைவலி கொஞ்சமில்லை. நாளைக்கு நேற்று வருவதாகச் சொன்னார் என்பார் உங்கள் தம்பி. வந்தாரா என்றால், நாளைக்கு இன்றைக்குத்தான் வருவார் என்பார். இப்படியே பத்து நாள் பேசினால் யாருக்கும் தேதி மறந்துபோகும். எனக்கு மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கே போய்விட்டேன்.

பன்னிரண்டாம் தேதி அறுத்தார்கள். இருபதாம் தேதி, முன்பாதிக்கு முதுகுப்பக்கம் தகடு வைத்து அடைப்பதாக ஏற்பாடு. நான் வேலையில் இருந்தேன். மூன்று மணிக்கு எதிர்வீட்டு டீச்சர் போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் வண்டிக்குள்ள இருக்கார், வெளியே வர முடியலையாம், பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு கை மரத்துவிடும். ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால் விஷயம் இதுதான். தகட்டை யாராவது உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டுமே என்று உங்கள் தம்பி திறந்திருந்த பின்பக்கம் வழியாகவே உள்ளே போய் நின்று பிடித்திருக்கிறார். நாளைக்கு வெளியே நின்று சுற்றிலும் பற்றவைத்திருக்கிறார். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டுப் போகிற மனுஷர், அன்றைக்கென்று பார்த்து ஒரு இடம் விடாமல் ஒட்டியிருக்கிறார். முடித்துவிட்டு, வாங்க சார் என்றாராம். முதுகை அறுத்ததில் வண்டிக் கூண்டு தொய்ந்து இரண்டு கதவும் இறுகிப்போயிருந்தது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியை இறக்கலாம் என்றால், அதைச் சுற்றுகிற கைப்பிடி சமையலறை டப்பாவில். தகட்டை மறுபடி அறுக்கலாம் என்றால், அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. நாளைக்கு சாப்பிடப் போய்விட்டார்.

பின்கண்ணாடிக்காக முகம் நுழைகிற அளவு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். வியர்த்து ஊற்றி, பல் டாக்டர் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சிக்னலில் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீரைக் கொடுத்தேன், குடித்தார்.

"கைப்பிடி எந்த டப்பாவுல இருக்கு?" என்று கேட்டேன்.

"மேல் வலது ரெண்டு. அவசரமில்லை, கொஞ்சம் இரு."

"உள்ளே வேகலையா உங்களுக்கு?"

"வேகுது." அப்புறம் என்னைப் பார்க்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பா வீட்டுல எங்ககிட்ட பேசவே மாட்டார், தெரியுமில்ல? ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் பேசுவார். நானும் அண்ணனும் பின்னாடி உட்கார்ந்து கேட்டுக்கிட்டே வருவோம். அந்தப் பின் சீட்டைத்தான் நான் அறுத்துட்டேன்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய் டப்பாவைத் தேடினேன். மேல் வலது இரண்டில் மிளகாய்த்தூள் இருந்தது. கைப்பிடி கீழ் இடது நாலில் இருந்தது. ஓட்டை வழியாகக் கொடுத்து, அவர் கண்ணாடியை இறக்கி, டீச்சர் ஒரு தோளும் சாப்பிட்டுவிட்டு வந்த நாளைக்கு ஒரு தோளுமாகப் பிடித்து, வலிக்காத தோள் எது என்று விசாரிக்காமல் இழுத்து வெளியே எடுத்தார்கள். பல் பிடுங்கும்போது எத்தனை பேர் இவரிடம் கத்தியிருப்பார்கள், அத்தனைக்கும் அன்றைக்குக் கணக்கு நேராகிவிட்டது.

இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தீர்களானால் உங்கள் தம்பியை உங்களுக்குத் தெரியவில்லை. மறுநாளே தோளில் தைலம் தடவிக்கொண்டு கதவைச் செதுக்க உட்கார்ந்துவிட்டார். இப்போது இடது கதவு மூடும், திறக்காது. வலது கதவு திறக்கும், மூடாது, கயிறு கட்டியிருக்கிறது. அடுத்த வாரம் பின்தட்டு வைத்துத் தெருவில் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம்.

பெரியத்தான், எனக்கு அலுத்துவிட்டது. நான் திட்டினால் அவருக்கு உறைப்பதில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஆலை இயந்திரங்களோடு வாழ்ந்தவர் நீங்கள், உங்கள் வாயால் ஒரு வார்த்தை, வேண்டாம்டா என்று சொன்னால் நின்றுவிடுவார். ஆனால் பேச்சே இல்லாதபோது எப்படிச் சொல்வீர்கள் என்றும் தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால் வண்டியைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலையில்லை. வண்டி முழுசாக இருந்தவரைக்கும் என்றைக்காவது நீங்கள் இரண்டு பேரும் அதன் பேரிலாவது சண்டை போடவாவது பேசுவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யார் வாயாலோ கேள்விப்பட்டு, அப்பா வண்டியை என்னைக் கேட்காமல் அறுத்துவிட்டான் என்று நீங்கள் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். அறுத்த பின்பாதி கொல்லையில் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. உங்கள் உத்தரவு இல்லாமல் இரும்புக் கடைக்குப் போகாது. அதற்கு நான் பொறுப்பு.

பிழை இருந்தால் பொறுக்கவும். அக்காவுக்கு என் அன்பு. மூத்தவர்கள் நீங்கள் இருவரும் வாழ்த்தினால் இந்த வீட்டில் ஒரு கதவாவது ஒழுங்காகத் திறந்து மூடும் என்ற நம்பிக்கையுடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு, தபால் பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டும்போது கூரியர்காரர் ஆளுயரப் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்தார். 'நாளைக்கு, மேற்பார்வை டாக்டர்' என்று முகவரி. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பெரியத்தான். அக்கா அனுப்பும் பார்சலுக்கெல்லாம் மேலே நீங்கள் எழுதுகிற அதே கை. பிரித்தேன். பின்தட்டுக்கு ஒன்பது தேக்குப் பலகை, இழைத்து, துளை போட்டு, வரிசை எண் போட்டு. கூடவே ஒரு சீட்டு: "கழுதை. கூண்டு தொய்யும், குறுக்குக் கம்பி பற்றவைக்காமல் அறுக்காதே என்று போன மாதமே மூன்று தடவை சொன்னேன். போகட்டும். பலகையை வரிசை மாற்றாமல் போடு. வண்டி ஓடினால் முதலில் இங்கே வா. இரண்டு வீட்டிலும் பெண்களுக்குத் தெரிய வேண்டாம்." உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு மாதத்துக்கு முன் முதலில் போன் செய்தது அவர்தானாம். சீட்டில் அந்த முதல் வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஆகவே மேலே நான் வேண்டிக் கேட்டது எதுவும் இப்போது வேண்டியதில்லை. ஆனால் நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசில்லாததால் உறையில் பெயரை மட்டும் மாற்றி அக்காவுக்கு அனுப்புகிறேன். அக்கா, பெரியத்தான் என்று வருகிற இடத்திலெல்லாம் உங்கள் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வருகிறோம். திரும்பும்போது நீங்களும் கூட வாருங்கள். முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நீங்கள், நான், ஓட்ட ஒருத்தர். இன்னொருத்தர் பின்னால் தேக்குப் பலகையில் உட்கார்ந்து வரட்டும். அது யார் என்று நீங்களே முடிவு செய்து வையுங்கள்.