கழிவறைச் சுவரில் வந்திறங்கிய விமானம்

மாண்டுரா,
திங்கட்கிழமை.

பில்பரா இரும்புச் சுரங்கத்தின் செம்மண்ணைத் தோண்டிக் கப்பலேற்றிக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய தந்தையாரின் தூசி படிந்த காலணிகளுக்கு மகள் டாம்சின் பணிந்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நாய் மஃபினும் நலம். என் கைப்பேசி மட்டும் நலமில்லை. அம்மாவின் அலமாரியில் சிறைவாசம், அதனால்தான் காகிதம். இதைக் கொண்டுவருபவர் பக்கத்து வீட்டு டார்சி மாமா. படித்து முடிக்கும்வரை அவரை விடாதீர்கள். அவர் பையில் உங்களுக்கு இன்னொரு தாளும் இருக்கிறது.

நீங்கள் சுரங்கத்தில் இருக்கும் இரண்டு வாரமும் வீட்டுக் கவலை எதையும் உங்கள் காதில் போடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். தினமும் மாலையில் தொலைபேசியில் கேட்கும் “இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு” என்பது அதன் முதல் பிரிவு. அதை இப்போது மீறப்போகிறேன். முதலில் நல்ல செய்தி. ஒன்றுக்கும் உதவாதவள் என்று நீங்கள் பட்டம் சூட்டிய அதே மகள், தம்பியின் ஒன்றுக்கு உதவியிருக்கிறாள். ஆமாம் அப்பா, ஃபெர்கஸ் கழிவறையில் போய்விட்டான். நாலே முக்கால் வயது, ஐந்து மாதப் போராட்டம், மலைமலையாய் டயப்பர், தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளை, பிப்ரவரியில் பள்ளிக்கூடம் வேறு. போய்விட்டான்.

நடந்தது இதுதான். தூக்கம், கழிவறை, பேச்சு என்று மூன்றுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுக்க மாதம் ஒருமுறை வரும் பிரான்வின் அக்காவை நீங்கள் பார்த்ததில்லை. அவர் வரும் வாரமெல்லாம் நீங்கள் அங்கே. ஃபெர்கஸுக்கு வாய்ப்பேச்சு இன்னும் பிடிபடாததால் அவர் வீடு முழுக்கப் பட அட்டைகளை ஒட்டிவைத்திருக்கிறார். படம் என்ன சொல்கிறதோ அதுதான் அவனுக்கு அரசாங்கம். கழிவறைச் சுவரில் ஒரு வரிசை: கால்சட்டையை இறக்கு, உட்கார், போ, தண்ணீர் இழு, கை கழுவு. கடைசியில் பரிசு அட்டை, சோப்புக் குமிழி. இந்தக் குமிழியை அவன் ஐந்து மாதமாக ஓர் அற்பப் பொருளாகவே பார்த்துவந்தான். சனிக்கிழமை காலை எனக்குக் கை அரித்தது. இருக்கிற அட்டைகளைப் பிய்த்து இடமாற்றம் செய்தேன். பல் துலக்கும் அட்டை மஃபினின் கிண்ணத்தில், கால்சட்டையை இறக்கும் அட்டையின் இன்னொரு பிரதி உங்கள் இறைச்சி வாட்டும் அடுப்பில் (யாரும் கடைப்பிடிக்கும் முன் எடுத்துவிட்டேன்), உறங்கும் அட்டை அம்மாவின் காப்பி டப்பாவில். மற்றவை எங்கே என்று எனக்கே நினைவில்லை.

ஏழு மாதமாகத் தூக்க நாட்குறிப்பில் ஃபெர்கஸ் எழுந்த நேரங்களை எழுதி எழுதித் தன் தூக்கத்துக்கு ஒரு வரிகூட மிச்சம் வைக்காத அம்மா, டப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், “சரி”ன்னுட்டுப் போய் சோபாவில் படுத்து மூன்று மணி நேரம் தூங்கிவிட்டார். வீட்டுக்கு நான் பொறுப்பு. அப்போதுதான் ஐயா ஃபெர்கஸ் கழிவறைக்குள் போனார். ஒவ்வொரு அட்டையையும் விரலால் தொட்டார். இறக்கினார், உட்கார்ந்தார், போனார், இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி முழங்கையால் தண்ணீரை இழுத்தார், கை கழுவினார். நான் போட்ட கூச்சலில் அம்மா எழுந்து மஃபினின் முன்னங்காலைப் பிடித்து நடனமே ஆடினார். பையன் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. நேராக வெளியே போய் வாசல் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

“ஏன்டி அங்க போய் நிக்கறான்?”

நான் போய்ச் சுவரைப் பார்த்தேன். கடைசி இடத்தில் குமிழி இல்லை. குளிர்சாதனப்பெட்டி நாட்காட்டியில் நீங்கள் வரும் நாளில் ஒட்டியிருக்குமே, விமானத்திலிருந்து ஆரஞ்சு வேலைச் சட்டையோடு நீங்கள் இறங்கும் படம், அது இருந்தது. அதாவது, கை கழுவினால் அப்பா வருவார். அம்மா “டாம்சின்” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். கைப்பேசி கைதானது. குற்றத்தை நானும் உடனே ஒப்புக்கொண்டேன், பழக்க தோஷம்.

ஞாயிறு இரண்டு முறை போனான், இரண்டு முறையும் வாசல். அன்று மாலை அம்மா வெளியே நின்று உங்களோடு பேசியது காற்றுக்காக இல்லை அப்பா. திரையில் உங்கள் முகத்தை அவனுக்குக் காட்டினார். அவன் கைப்பேசியைத் திருப்பி, பின்பக்கம் விமானம் இருக்கிறதா என்று பார்த்தான். இன்று காலை ஒரே மணி நேரத்தில் மூன்று முறை போனான், அடிக்கடி போனால் சீக்கிரம் வருவீர்கள் என்று. சொட்டுக்கு ஒரு விமானம். பார்க்கச் சகிக்காமல் டார்சி மாமாவுக்கு உங்கள் ஆரஞ்சுச் சட்டையை மாட்டித் தெருமுனையிலிருந்து நடந்துவரச் சொன்னேன். ஃபெர்கஸ் ஏற இறங்கப் பார்த்தான், உள்ளே போனான், ‘முடிந்தது’ அட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

“நாப்பது வருஷத்துல என்னை வேலைய விட்டுத் தூக்கின மொத ஆளு உன் தம்பிதான்மா” என்றார் மாமா.

மதியம் பிரான்வின் அக்கா வந்தார். எனக்குத் திட்டு விழும் என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அட்டைய மாத்தினது தப்புதான். ஆனா இப்ப அத எடுக்கறது அதவிடத் தப்பு. படம் சொன்னா நடக்கும்னு நம்பறான் பாருங்க, அந்த நம்பிக்கைலதான் அவன் தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் நிக்குது.”

“அவர் வர இன்னும் ஒம்பது நாள் இருக்கே. தாங்குவானா?”

“மூணு நாலு நாள் தாங்குவான். அப்புறம் அது வெறும் காகிதம். நாம மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே.”

“அங்க இருக்கறவர எதுக்குக் கலங்கடிக்கணும்” என்றார் அம்மா. பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. சட்டத்தை மீறுவதென்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

டார்சி மாமாவிடம் போனேன். அதே சுரங்கத்தில் உங்கள் வேலையையே பார்க்கும் அவருக்கு இது விடுமுறை வாரம். “உங்கப்பன் மிச்ச ஷிஃப்ட நான் பாத்துக்கறேன். என் முறை வரும்போது அவன் பாக்கட்டும். மேஸ்திரிகிட்ட பேசிட்டேன், கையெழுத்துதான் பாக்கி” என்றார். அவர் பையில் உள்ள தாள் அதுதான். நீங்கள் ஒப்பமிட்டால் வியாழக்கிழமை விமானம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஆரஞ்சுச் சட்டையோடு வாருங்கள், குளித்துவிட்டு அழகாக வந்தால் அவன் நம்பமாட்டான்.

செய்த குறும்புக்கு முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். இனி இந்த வீட்டில் எந்த அட்டையையும் தொடமாட்டேன் என்று மஃபின் மீது சத்தியம். உங்கள் தலைக்கவசத்துக்கும் முதுகுக்கும் எந்தக் குறையும் வராதிருக்கட்டும். உடன் வேலை செய்யும் மாமாக்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைப் பகிர்ந்தளிக்கவும்.

இப்படிக்கு,
திருந்திய மகள்
டாம்சின்

பின்குறிப்பு: செவ்வாய் காலை. குப்பை வண்டி வரும் நாள். தொட்டிகளைத் தெருவுக்குத் தள்ளும்போது மஞ்சள் மூடித் தொட்டியில், பழைய காகிதங்களுக்கு மேலே, சோப்புக் குமிழி அட்டை கிடந்தது. நான் எறிந்திருந்தால் பொதுக் குப்பைக்கான சிவப்பு மூடித் தொட்டியில்தான் கிடந்திருக்கும். காகிதத்தை மஞ்சளில்தான் போடவேண்டும் என்று இந்த வீட்டில் விதிப்படி நடக்கிறவன் ஒருவன்தான். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நான் மாற்றியவை மூன்றே அட்டைகள்: நாய், அடுப்பு, காப்பி. விமானத்தை நான் தொடவே இல்லை. குமிழி வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அவனே எடுத்து ஒட்டியிருக்கிறான். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பவும், வேறொரு சமயம் தேவைப்படும். கையெழுத்தை மட்டும் போட்டுவிடுங்கள் அப்பா. அவன் வாசலில்தான் நிற்கிறான், கை கழுவிவிட்டு.