தாய்க்கோழி வராத வீடு

மனோர் பார்க்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் கிறிஸ்துராஜா அறிவது,

ஆண்டவர் கிருபையால் நானும் உம்முடைய அக்கா றோஸ்மலரும் சுகம். நீர் தந்த கோழிக்குஞ்சுகளும் சுகம். அதுதான் இப்போது பிரச்சினை.

சவுத்தாலில் உம்முடைய மெஷினில் பொரித்த குஞ்சுகளைக் காட்போட் பெட்டியில் போட்டுத் தரும்போது என்ன சொன்னீர்? "அத்தான், ஒண்டுக்கும் தலையை உடைக்காதேங்கோ. சூட்டு லைற்றைப் போட்டு, தீனும் தண்ணியும் வையுங்கோ. அதுகள் தன்பாட்டில வளரும்." நானும் ஆறுதலாக இருந்தேன். ஆறுதல் கொஞ்சம் கூடிப்போச்சு. லைற் எரிந்துபோனதையே கவனிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பின்பக்கக் கண்ணாடி அறை விறைத்துக் கிடக்கிறது, பெட்டிக்குள் சத்தமே இல்லை. மகள் பிறேமினி கலியாணம் முடித்துக் கனடா போனபிறகு உம்முடைய அக்கா வாய்விட்டுச் சிரித்ததே இந்தக் குஞ்சுகளோடுதான், இனி அவவுக்கு என்னத்தைச் சொல்லுவன் எண்டு திறந்தால், அதுகள் நடுவில் கொஞ்ச இடத்தை வெறுமையாக விட்டு, சுற்றிவர நல்ல நித்திரை. அந்த வெறும் இடத்தில் கையை வைத்தேன். சுட்டது மச்சான்.

அன்றிலிருந்து பட்டப்பகலில் "கொக், கொக்" என்று சத்தம். கேட்டதும் குஞ்சுகள் ஒரு மூலைக்கு ஓடுதுகள். அங்கே ஒன்றுமில்லை. நேற்று ஒரு குஞ்சு நிலத்தில் கால் படாமல் அந்தரத்தில் ஏறிக் குந்தியிருந்தது. நான் கத்தினேன். உம்முடைய அக்கா வெங்காயம் உரித்தபடி எட்டிப் பார்த்து, "தாயின்ர முதுகில இருக்குது. உங்களை நம்பிப் பிள்ளையளை விட ஏலுமே, அதுதான் வந்திருக்கு. சத்தம் போடாதேங்கோ" எண்டா. பாதரைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தவர் முகத்தில் ஏதோ சிறகடித்தது. விழுந்த மூக்குக்கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகவே சனிக்கிழமை கட்டாயம் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போம். இனி என்னால் ஏலாது.

மாதா உம்மையும் பிள்ளைகளையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
கஸ்பர்

பி.கு.: எடுக்க வரவேண்டாம். கடிதத்தை வாசித்துக்காட்ட உம்முடைய அக்காவைத் தேடினேன். கண்ணாடி அறையில் நிலத்தில் இருக்கிறா. "எழும்ப ஏலாது, மடியில படுத்திருக்கு" எண்டா. அவவின் சட்டை பாரத்தில் பள்ளமாய்க் கிடந்தது. நானும் பக்கத்தில் இருந்து தடவிப் பார்த்தேன். மெத்தென்றிருந்தது. பெரிய கோழிக்குரிய தீன் ஒரு மூட்டை கொண்டுவாரும். வாசல் மணியை மட்டும் அடிக்காதேயும், எல்லாரும் நித்திரை.